காவுதடியும் காவு வண்டியும்

அம்புலன்ஸ் என்னும் வாகனத்துக்கு இலங்கையின் அரசாங்கத் தமிழில் வழங்கும் பெயர் நோயாளர் காவு வண்டி என்பது. தமிழகத்திலிருந்து வரும் நண்பர்கள் இப்பெயரை வைத்தியசாலை வாசலிலே முதன்முதல் படிக்கும்போது சற்றுத் திடுக்கிடுவதுண்டு. அவர்கள் நாட்டில் காவு கொடுப்பது என்றால் பலியிடுவது. எங்கள் நாட்டிலோ காவுதல் என்பதற்குத் தோளில் சுமத்தல் என்பதே பொருள். தண்ணீர்ப் பாரத்தைத் தடியிலே கோத்துக் காவுவார்கள், முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காவடி காவுவார்கள், பழந்தமிழிலே கா என்னும் ஓரெழுத்துச் சொல்லே இருபுறமும் பாரம் தொங்கும் அத்தடிக்குப் பெயராக இருந்தது. இந்தப் பெயரை ஆக்கிய மொழிபெயர்ப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலும், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆபத்துக்குள்ளானவர்களை எடுத்துச் சென்ற வரலாற்றை நினைக்குந்தோறும், அவர் தம்மை அறியாமலே அவ்வரலாறு முழுவதையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, லிந்துலை, நுவரெலியா என்று விரியும் அம்மலைகளிலே, சக்கரம் பூண்ட வண்டி வருவதற்கு முன்னால் நூறாண்டுக்கும் மேலாக, நோயாளி மெய்யாகவே மனிதர் தோளில்தான் காவப்பட்டான். இன்றும் வண்டி வந்து நிற்கும் இடம் வரையில் அவன் பல தோட்டங்களில் அப்படித்தான் காவப்படுகிறான்.

காவியவர்களுக்குச் சீருடை இல்லை, சம்பளம் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. தொண்டர் என்ற சொல்லைக்கூட அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டதில்லை. பக்கத்து அறையாகிய காம்பராவிலே முனகல் கேட்டால் எழுந்து போவது என்பது அவர்களுக்குப் பரோபகாரம் அன்று. லயம் என்னும் வரிசை வீட்டில் வாழ்வதன் ஒரு பகுதி. ஆனால் மலையகத்தில் முதலுதவியின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன் சங்கங்களிலிருந்தும் சட்டங்களிலிருந்தும் தொடங்குவானாயின் பிழைபட்ட இடத்திலே தொடங்கியவனாவான். சங்கமும் சட்டமும் பின்னால் வந்தன. அவை வந்தபோது தோளும் தடியும் அங்கே முன்னமே இருந்தன.

1820களிலே கம்பளைப் பக்கத்தில் சிறிதாகத் தொடங்கிய காப்பிப் பயிர்ச்செய்கை 1840களில் கண்டி மலைகளெங்கும் பரவியபோது, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிமாரின் பின்னே கூட்டங்கூட்டமாகப் புறப்பட்ட ஜனங்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் தூரத்தைக் காட்டு வழியாகக் கால்நடையாகக் கடந்தார்கள். வறண்ட பிரதேசத்துக் குட்டை நீரும், மலைக்காய்ச்சலும், வாந்திபேதியும், பழக்கமில்லாத குளிரும் அந்த வழியிலே அவர்களை எதிர்கொண்டன. 1841 முதல் 1848 வரையிலான காலத்தில் மட்டும் 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று கொழும்பு அப்சர்வர் பத்திரிகை 1849-இல் கணக்கிட்டது. அந்தத் தொகை மிகையானது என்று மறுத்தவர்கள் உண்டு என்றாலும், தெருவோரத்திலே எலும்புகள் கிடந்தன என்பதை மறுத்தவர் எவரும் இல்லை.

அந்த நடையிலேதான் எங்கள் வழக்கத்தின் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம். கூட்டம் நின்றால் கொண்டுவந்த அரிசி தீர்ந்துபோகும். ஆகவே நடக்க இயலாதவனை விட்டுவிட்டுப் போவது அந்தப் பாதையின் கொடிய நியதியாக இருந்தது. விடப்பட்டவர்களைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களுள், தம் காலால் நடந்து வராதவர்களும் இருந்திருக்க வேண்டும். குழந்தையும் கிழவியும் காய்ச்சல்காரரும் யாரோ ஒருவருடைய முதுகிலே, அல்லது இருவர் தாங்கிய தடியிலே தொங்கிய துணியில் வந்திருக்க வேண்டும். விட்டுப் போன பாவமும் தூக்கி வந்த புண்ணியமும் ஒரே கூட்டத்துக்குள் நிகழ்ந்தவை. லயத்தில் ஒருவரையும் விட்டுப் போகக்கூடாது என்னும் பிடிவாதம், ஒருகால் விட்டுவிட்டு வந்தவர்களின் பேரர்களிடத்தில்தான் அவ்வளவு உறுதியாக வேரூன்ற முடியும்.

இத்தனை மரணங்களுக்குப் பிறகு, 1872-ஆம் ஆண்டிலே வைத்திய தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பிரதேசங்களை வைத்தியப் பகுதிகளாகப் பிரித்து, மருத்துவமனைகளும் மருந்துச்சாலைகளும் அமைத்து, அவற்றின் செலவிலே தோட்டக்காரரையும் பங்குகொள்ளச் செய்வது அதன் நோக்கம். 1880களில் ஏற்றுமதிப் பொருள்மீது விதித்த தீர்வையால் இதற்குப் பணம் சேர்க்கப்பட்டது. இதற்கிடையில் 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் நட்ட தேயிலை மலைகளையெல்லாம் கவர்ந்துகொண்டது. 1884-இல் ஹட்டனுக்கும் 1885-இல் நானுஓயாவுக்கும் இரயில் வந்தது. 1912-இல் வைத்திய தேவைகள் சட்டம் புதுக்கி எழுதப்பட்டபோது, தொழிலாளரின் நோய்களைப் பற்றிய தனிச் சட்டம் ஒன்றும் அதனுடன் சேர்ந்து வந்தது. 1916-இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் மாத்தளைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. பலருடைய பிராணனைக் காத்த காரியங்களே.

ஆனால் இச்சட்டங்கள் எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், அவற்றிலே ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. கட்டடம் எங்கே இருக்க வேண்டும், வைத்தியர் யார், மருந்துக்குப் பணம் யார் கொடுப்பது என்பவற்றையெல்லாம் கருதிய சட்டம், எட்டாம் நம்பர் மலையின் உச்சியிலே கவ்வாத்துக் கத்தி தொடையில் பாய்ந்து இரத்தம் பெருகக் கிடக்கும் மனிதன் அந்தக் கட்டடத்துக்கு எப்படிப் போய்ச் சேருவான் என்பதை மாத்திரம் அவனுடைய அயலாருக்கே விட்டுவிட்டது. தோட்டத்தின் வண்டிப் பாதைகள் கொழுந்துக்காக வெட்டப்பட்டவை. அவை மலையிலிருந்து ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலைக்கும், ஸ்டோரிலிருந்து ரயில் நிலையத்துக்கும் செல்லும். லயமோ, பெரும்பாலும் தேயிலை விளையாத சரிவிலே, பாதைக்கு எட்டாத ஓரத்திலே கட்டப்பட்டிருக்கும். கொழுந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் இடத்துக்கு மனிதன் போய்ச் சேர அரை இராத்திரி ஆயிற்று.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு கம்பளி.

கம்பளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலையிலே மழைக்கும் குளிருக்கும் தலையோடு போர்த்திக்கொள்ளும் அந்தக் கறுத்த, முரட்டு, ஈர நெடி வீசும் துணியைத் தோட்டத்தார் கொடுத்துவிட்டு, அதன் விலையைக் கூலியிலே பிடித்துக்கொள்வது பழைய வழக்கம். ஆகவே மலையகத்தின் முதல் ஸ்ட்ரெச்சர் அரசாங்கம் கொடுத்ததும் அன்று, கொம்பனி கொடுத்ததும் அன்று; தொழிலாளி தன் கூலியிலே வாங்கியது. ஆபத்து என்று குரல் கேட்டதும் யாராவது ஒருவர் தன் தோளிலிருந்து அதை உருவி, இஸ்தோப்பு என்னும் தாழ்வாரத்திலே விரிப்பார். நோயாளியை அதன் நடுவே கிடத்தி, தலைப்பக்கத்து இரு முனைகளையும் ஒன்றாகவும் கால்பக்கத்து இரு முனைகளையும் ஒன்றாகவும் முடிந்து, முடிச்சுகளுக்குள்ளே முற்றிய மூங்கில் தடியைச் செலுத்துவார்கள். தொட்டில்போலத் தொங்கும். இரண்டு தடி வைத்துக் கட்டினால் நோயாளி நேராகக் கிடப்பார் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் இரண்டு தடிக்கு நால்வர் பக்கம்பக்கமாக நடக்க வேண்டும், தேயிலைச் செடிகளுக்கிடையே ஒருவர் பின் ஒருவர்தான் போக முடியும். முன்னே இருவர், பின்னே இருவர், தோள் மாற்றுவதற்கென்று இன்னும் நால்வர் அல்லது அறுவர். எல்லோருக்கும் முன்னால் லாந்தரோ பந்தமோ பிடித்துக்கொண்டு ஒரு பையன். எல்லோருக்கும் பின்னால், சுடுதண்ணீர்ப் போத்தலும் துவைத்த பழஞ்சேலையும் எடுத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. பிள்ளைப்பேறு என்றால் லயத்து மருத்துவச்சி.

சிறுவயதில் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் அந்த லாந்தர்ப் பையனாகப் போயிருக்கிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலம். காவப்பட்டவர் எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த ஒரு மூதாட்டி. நெஞ்சை அடைக்கிறதென்று சொல்லி விழுந்தவர். தோட்டத்து வண்டி கேட்டு ஆள் போயிருந்தது, வண்டி வரவில்லை. படிக்கட்டுப் பாதையிலே இறங்கும்போது முன்னே தோள் கொடுத்தவர், ஒவ்வொரு படியிலும் காலை வைத்துப் பார்த்து, பின்னாலிருப்பவருக்கு “படி”, “வழுக்கு”, “அட்டாளை”, “படி” என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனார். அச்சொற்களைத் தவிர ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. கம்பளிக்குள்ளிருந்து இடையிடையே ஒரு கை வெளியே வந்து, பக்கத்தில் நடந்த மருமகளின் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போகும். அந்தக் கை வராமற் போனால் என்ன செய்வதென்று அஞ்சி நான் லாந்தரைத் திரும்பித் திரும்பித் தூக்கினேன். “முன்னால பாத்து நடடா” என்று என் தகப்பனார் அதட்டினார். வைத்தியசாலை வாசலை அடைந்தபோது விடிந்துகொண்டிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு 4 ஆண்டு இருந்தார்.

உலகத்திலே முதலுதவி ஒரு கலையாக வகுக்கப்பட்டதும் இதைப் போன்ற ஓர் இடைவெளியிலிருந்துதான். 1859 ஜூன் 24-இல் சோல்பரினோப் போர்க்களத்தில் வீழ்ந்த ஆயிரக்கணக்கான வீரர்களைப் பக்கத்து ஊராகிய காஸ்திலியோனேயின் பெண்கள், எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று பாராமல், தேவாலயத்துக்குள் கொண்டுபோய்க் காயம் கழுவித் தண்ணீர் கொடுத்ததைக் கண்ட ஹென்றி டுனான் என்ற ஜெனீவா வியாபாரியின் உள்ளத்திலேதான் செஞ்சிலுவைச் சங்கத்தின் எண்ணம் உதித்தது. சங்கத்தின் பெயரை உலகம் அறியும். அந்தப் பெண்களின் பெயரை அறியாது. இங்கிலாந்தில் 1877-இல் தோன்றிய சென் ஜோன் அம்புலன்ஸ் சங்கம், வைத்தியர் அல்லாத சாதாரண ஜனங்களுக்கு இரத்தத்தை நிறுத்தவும் முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டவும் வகுப்பு நடத்தியது. சுரங்கத் தொழிலாளரும் இரயில்வே ஊழியரும் அவ்வகுப்புகளை நிரப்பினார்கள். அச்சங்கம் 1906-இல் இலங்கைக்கு வந்தது. 1934-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கி அடுத்த ஆண்டிலும் நீடித்த மலேரியாக் கொள்ளைநோயில், ஆறுகள் வற்றிக் குட்டைகளான தாழ்நிலங்களிலே ஏறக்குறைய 80,000 பேர் மாண்டபோது, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோரின் தலைமையில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொயினாவும் உணவும் சுமந்துகொண்டு கேகாலைக் கிராமங்களுக்குப் போனார்கள். அக்கொள்ளைநோயின் பின்னே, 1936-இல், செஞ்சிலுவைச் சங்கம் பிரித்தானிய சங்கத்தின் கிளையாக இந்நாட்டில் கால்கொண்டது. கொசு ஏறாத உயரத்திலிருந்த எங்கள் மலைகள் அந்த நோய்க்குத் தப்பின. அதனாலேயே தொண்டர் இயக்கமும் மலையேறுவதற்கு இன்னும் சில காலம் ஆயிற்று.

மலையேறியபோது அது முதலில் வந்த இடங்களுள் ஒன்று சிவனொளிபாத மலை. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையில் நல்லதண்ணி வழியாக இராத்திரி முழுவதும் ஏறும் யாத்திரிகர்களுள் மூச்சடைத்தவரையும் கால் பிசகியவரையும் கவனிப்பதற்காகத் தொண்டர்கள் பாதையோரத்திலே கூடாரமிட்டுக் காத்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து வந்த அந்த இளைஞர்களிடத்திலேதான் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் முக்கோணக் கட்டுத்துணியை முதலிலே கண்டார்கள்.

புத்தகத்துப் படிப்பும் தோட்டத்து வழக்கமும் சந்தித்தபோது ஒன்றை ஒன்று திருத்தின என்று சொல்வதே நியாயம். வெட்டுக்காயத்திலே தேயிலைத்தூளையோ காப்பித்தூளையோ அப்புவதும், கொட்டு வாயிலே சுண்ணாம்பு தடவுவதும், மயங்கிக் கிடப்பவரின் வாயிலே தண்ணீர் புகட்டுவதும் ஆபத்தென்பதைப் படிப்புக் கற்றுக் கொடுத்தது. மேலே நான் வியந்து சொன்ன கம்பளித் தொட்டிலுங்கூட, மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவனுக்கு எமனாகும். அவனைப் பலகையிலே அசையாமல் கட்டித்தான் எடுக்க வேண்டும். எத்தனை பேரை நாங்கள் அன்போடு தூக்கி முடமாக்கியிருப்போம் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. மறுபுறம், அகலமான தெருவுக்கென்று எழுதப்பட்ட புத்தகம், ஒற்றையடிப் பாதையிலே எப்படித் தோள் மாற்றுவது என்பதை எங்கள் பெரியவர்களிடம் கற்க வேண்டியிருந்தது.

ஒரு பயிற்சி நாளை நினைக்கிறேன். தோட்டத்துப் பாடசாலை மைதானத்திலே ஸ்ட்ரெச்சரைத் தூக்கிய பிள்ளைகள், சமநிலத்திலும் இறக்கத்திலும் நோயாளியின் கால் முன்னே போக வேண்டும் என்ற விதிப்படி நடந்தார்கள். வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டார்.

“என்னா தம்பி, பொணத்தக் கொண்டு போற மாதிரிக் கால நீட்டிக்கிட்டுப் போறீங்க? உசுரோட இருக்கிறவன அப்புடியா தூக்குவாங்க?”

பயிற்றுவித்த இளைஞன் அவரைக் கைபிடித்து ஸ்ட்ரெச்சரின் பின்பக்கத்தில் நிறுத்தி, “இப்ப பாருங்க தாத்தா, நோயாளி மூஞ்சி ஒங்களுக்குத் தெரியுதா? மூச்சு வருதா இல்லையான்னு பாத்துக்கிட்டே வரலாம். எறக்கத்துல தலையும் மேலயே இருக்கும்” என்றான். பெரியவர் சிறிது நேரம் கீழே கிடந்த பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏத்தத்துல?” என்றார். “ஏத்தத்துல தல முன்னுக்கு, தாத்தா.” அவர் தலையசைத்துவிட்டு, “அப்பச் சரி. மேட்டுப் பக்கம் தல” என்று தன் வார்த்தையிலே அவ்விதியைச் சொல்லிக்கொண்டார். அந்தத் தோட்டத்திலே இன்றும் அவ்விதி அவருடைய வார்த்தையில்தான் வழங்குகிறது.

ஸ்டோரிலே நேரும் விபத்துகளுக்கு 1934-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் 1942-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் ஓரளவு வழிசெய்தன. உருளை இயந்திரத்தின் அருகிலே முதலுதவிப் பெட்டி ஒன்று மாட்டப்பட்டது. மலையிலே கொழுந்தெடுக்கும் பெண்ணின் கூடைக்குள் அப்பெட்டி வரவில்லை. தோட்டத்து டிஸ்பென்சர் ஒருவரே பல டிவிஷன்களைப் பார்க்க வேண்டியிருந்ததால், அவர் வரும் வரைக்கும் செய்ய வேண்டியதெல்லாம் பக்கத்து நிரையிலே நிற்பவளின் கடமையாயிற்று.

குளவிக்கொட்டு நேரும்போது அதைக் காணலாம். பெரிய மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் கட்டிய கூடு காற்றாலோ கழுகாலோ கலைந்துவிட்டால், மலை முழுவதும் ஒரு கணத்திலே இருண்டுவிடும். பழகியவர்கள் ஓடமாட்டார்கள், “படு, படு” என்று கத்திக்கொண்டே செடியடியில் குப்புற விழுந்து, இடுப்பிலே கட்டிய படங்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொள்வார்கள். ஓடியவளை நோக்கியே கூட்டம் போகும். அவள் விழுந்த இடத்துக்குத் தன் படங்கைக் கையிலெடுத்துக்கொண்டு, தன் முகத்தை மறைக்கத் துணியில்லாமல், ஊர்ந்து போய் மூடுகிறாளே இன்னொருத்தி, அவளை எந்த அகராதியிலுள்ள சொல்லால் அழைப்பது? அவளும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகிறாள். அடுத்த கட்டிலிலே படுக்கிறாள்.

லயத்திலே தீப்பற்றினாலும் அப்படியே. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பத்து, இருபது காம்பராக்கள். ஒன்றில் விழுந்த பொறி கடைசிக் காம்பராவுக்குப் போக அதிக நேரம் வேண்டியதில்லை. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வளைந்து வளைந்து வருவதற்குள் பிள்ளைகளையும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களையும் வெளியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். சாமான்கள் போய்விடும். உடுத்த துணியோடு நிற்பார்கள். ஆட்களை எண்ணுவார்கள்.

1974 டிசம்பர் 4-ஆந் தேதி இரவு பத்து மணிக்கு மேலே, நோர்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்ட லயங்களிலே உறங்கப் போயிருந்த ஜனங்கள் மலை இடிந்ததுபோன்ற ஓசையைக் கேட்டார்கள். இந்தோனேஷியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பில் இறங்கி ஜித்தாவுக்குப் போகவேண்டிய மார்ட்டினேர் விமானம், சப்த கன்னியர் மலைத்தொடரிலே மோதிச் சிதறிவிட்டது. யாத்திரிகர் 182 பேர், விமானத்தார் 9 பேர், ஆக 191 பேர். இந்நாட்டின் விமான விபத்துகளுள் இதுவரை இதைவிடப் பெரியது இல்லை. அந்த ஆண்டு தோட்டங்களிலே பஞ்ச காலம். மாவும் அரிசியும் கிடைக்காமல் கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்று, பசியாலேயே சாவு நேர்ந்த காலம். அந்த மலையின் ஏற்ற இறக்கங்களை அறிந்தவர்கள், அந்தப் பசித்த ஜனங்களேயன்றி வேறு யார்? ஆனால் காவுவதற்கு உயிரோடு ஒருவரும் இல்லை. தூக்கப் பழகிய தோள்கள் அன்றைக்கு வெறுமையாய் நின்றன. நோர்டன் பிரிட்ஜிலே விமானத்தின் சக்கரம் ஒன்றை நினைவுக்காக வைத்திருக்கிறார்கள். வாகனங்கள் அதைக் கடந்துபோகின்றன.

2014 அக்டோபர் 29-ஆந் தேதி காலையிலே ஊவாப் பக்கத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிலே புதைந்தபோதும் முதலில் மண்ணைத் தோண்டியவை, கவ்வாத்துக்கும் கான் வெட்டுக்கும் பழகிய கைகளும் தோட்டத்து மண்வெட்டிகளும்தான். படையினரும் இயந்திரங்களும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். 2025 மே 11-ஆந் தேதி விடிவதற்கு முன்னே, கொத்மலைப் பக்கத்துக் கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 20க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியிலே தித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளையெல்லாம் அறுத்துப்போட்டது. பாதை அறுந்தால் வண்டி இல்லை. வண்டி இல்லாத நாளிலே நாடு முழுவதும் தோட்டமாகிவிடுகிறது. அப்போது பழைய தடியைத் தேடவேண்டியிருக்கிறது.

சுவசெரிய என்னும் பெயரோடு 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை, இந்திய அரசாங்கத்தின் நன்கொடையால், 2016 ஜூலை 28-இல் 88 வண்டிகளோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது. தமிழகத்தார் 2008 முதல் அறிந்த 108 சேவையை நடத்தும் ஸ்தாபனத்தாரே இதன் ஊழியரையும் பயிற்றுவித்தார்கள். 2017 மே 12-இல் டிக்கோயாவில் இந்திய உதவியால் கட்டிய புதிய வைத்தியசாலையைத் திறந்துவைத்த இந்தியப் பிரதமர், அன்றைக்கே நோர்வூட்டிலே கூடிய தோட்ட மக்களின் முன்னிலையில், இந்தச் சேவை எல்லா மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்படும் என்று அறிவித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வண்டிகளின் தொகை 297 ஆகி, நாடெங்கும் சேவை பரந்தது. இது மகத்தான நன்மை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நள்ளிரவிலே வாடகை வண்டிக்காரரின் கதவைத் தட்டி, நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்று கெஞ்சிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இலக்கத்தை அழுத்தியதும் மறுமுனையிலே ஒரு குரல் தமிழில் பேசுவதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆயினும் அந்தக் குரல் கேட்கும் முதற் கேள்வி, வண்டி எதுவரை வரலாம் என்பதே. இவ்விடத்திலே 1872-ஆம் ஆண்டின் இடைவெளி மறுபடியும் வாய் திறக்கிறது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலே இருந்த 33-ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள்ளே சபைகள் தங்கள் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது; வாக்களித்த மக்களின் லயத்துக்குப் போகும் பாதையிலே ஒரு கல்லைப் போடவும் உறுப்பினர்களால் முடியாதிருந்தது. 2018-இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. காவு வண்டி மலையகத்துக்கு வந்த காலமும், அது ஓடுவதற்குப் பாதை போடலாம் என்ற அனுமதி வந்த காலமும் ஒன்றாயிருப்பதைக் காணும்போது, அதற்கு முந்திய 146 ஆண்டுகளின் பாரம் முழுவதும் யாருடைய தோளில் இருந்தது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் ஒருநாளாவது வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்குகிறது.

இப்போது தோட்டங்கள் பலவற்றில் முதலுதவி படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பகலிலே நகரத்துக் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டு, இராத்திரி தொலைபேசியைத் தலைமாட்டிலே வைத்துக்கொண்டு உறங்குகிறவர்கள். அவர்களோடு சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு நானும் நடந்தேன். இடுப்பு வலி கண்ட பெண் ஒருத்தியை மேல் லயத்திலிருந்து கொண்டுவந்தோம். கீழே, தார்ப் பாதை முடியும் வளைவிலே, 1990 வண்டி விளக்கெரிய நின்றது. பயிற்சி பெற்ற பெண்பிள்ளை ஒருத்தி வலியின் இடைவெளியைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்ட்ரெச்சர் படிக்கட்டிலே திரும்பாது என்று பெரியவர்கள் சொன்னபடியால் பழைய முறைப்படியே கம்பளியிலே காவினோம்; இறக்கத்தில் தலை மேட்டுப் பக்கம். வண்டியின் ஊழியர் இருவரும் மழையிலே இறங்கி வந்து, அவளைக் கம்பளியோடு தங்கள் படுக்கைக்கு மாற்றி, உள்ளே ஏற்றி, உலர்ந்த போர்வை போர்த்தினார்கள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவர்களுள் ஒருவர் நனைந்த கம்பளியை உதறி நான்காக மடித்து, “இது யாருடையது?” என்று கேட்டார்.

முன் தோள் கொடுத்துவந்த முதியவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வண்டி வளைவு திரும்பி மறையும் வரைக்கும் அதை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். மழை விடுவதாக இல்லை. பிறகு அதை விரித்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, தடியை ஊன்றிக்கொண்டு படிகளிலே ஏறத் தொடங்கினார்.